ஆ லான் வீட்டுத் தேயிலை

பினாங்கில் நான் முதலில் குடித்ததைக் கஷாயம் என்றுதான் நினைத்தேன். விமானத்தில் கொடுத்த முட்டை ஒத்துக்கொள்ளவில்லை. ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் எனக்கு அறை ஏற்பாடாகியிருந்தது. போய்ச் சேர்ந்ததும் பெட்டியைக்கூடத் திறக்காமல் கட்டிலில் சுருண்டு படுத்துவிட்டேன்.

வீட்டுக்காரி சரோஜா பாயான் லெப்பாஸில் ஒரு கணினிச் சிப் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவள். கணவர் சிங்கப்பூரில். மகள் படிப்பதற்காகக் கோலாலம்பூர் போய்விட்டதால் அவளுடைய அறையை வாடகைக்கு விடுகிறாள். கதவருகே நின்று என்னைப் பார்த்தாள்.

“மூஞ்சே சரியில்லையேக்கா. மருந்தெல்லாம் வேணாம். பக்கத்து வீட்டு ஆ லான் ஆண்ட்டி ஒரு தண்ணி வச்சிருப்பாங்க. குடிச்சா ஓகே ஆயிடும் லா.”

சற்று நேரத்தில் பூப்போட்ட பிளாஸ்க் ஒன்றுடன் திரும்பி வந்தாள். ஒரு பிளாஸ்டிக் குவளையில் ஊற்றிக் கொடுத்துவிட்டு, பஸ் வந்துவிடும் என்று சீருடையை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

நிறம் கருஞ்சிவப்பு. குவளையை வாயருகே கொண்டுபோனதும் கை நின்றுவிட்டது. காய்ந்த கொட்டைப்பாக்கை வெட்டும்போது எழுமே, அந்த வாசனை. அதற்கு அடியில் மழைக்குப் பிந்தைய காட்டு மண். ஒரு மிடறு விழுங்கினேன். கசப்பு இல்லை. நாக்கில் நின்ற இனிப்பு தொண்டைக்குப் போய், அங்கிருந்து திரும்பவும் மேலே வந்தது.

என் தொழில் தேயிலை ருசி பார்ப்பது. குன்னூரில் ஏலத்துக்கு வரும் தேயிலைகளை வரிசையாக வெள்ளைக் கோப்பைகளில் வடித்து வைப்பார்கள். நாங்கள் கரண்டியால் எடுத்து ‘சர்’ரென்று உறிஞ்சி, நாக்கில் உருட்டி, துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்குப் போவோம். வாழ்நாள் பாதி துப்பியே கழிந்துவிட்டது. அன்று அந்த பிளாஸ்க் முழுவதையும் நான் குடித்து முடித்தேன்.

யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. கைப்பேசியை எடுத்துப் பெயர்களை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன். போன வருடம்வரை இப்படி ஏதாவது என்றால் கூப்பிட என் அக்கா இருந்தாள். நாங்கள் இருவரும்தான் குன்னூர் வீட்டில் இருந்தோம். அவளுக்கும் கல்யாணம் ஆகவில்லை, எனக்கும் ஆகவில்லை. மார்கழியில் அவள் போய்விட்டாள். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தூங்கிப்போனேன்.

நான் வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் ஒருவர் விலையுயர்ந்த தேயிலைகளுக்காகவே ஒரு கடை நடத்துகிறார். கண்ணாடி அலமாரி, மங்கலான விளக்கு, சிறிய தகர டப்பாக்கள். நீலகிரியில் உறைபனி விழும் சில வாரங்களில் பறிக்கும் துளிர், டார்ஜிலிங்கில் குளிர் முடிந்ததும் பறிக்கும் முதல் துளிர், விரியாத மொட்டை மட்டும் கிள்ளிச் செய்யும் வெள்ளைத் தேயிலை எல்லாம் அவரிடம் உண்டு. இவை ஏன் விலை அதிகம் என்பதைச் சொல்லிவிடலாம். பறிக்கிற நாட்கள் கொஞ்சம், கிடைக்கிற இலை கொஞ்சம், ஒரு மழை தப்பிப் பெய்தால் அதுவும் போயிற்று.

அவர் இப்போது கேட்டது வேறு மாதிரி. லியு பாவ் என்ற பழைய தேயிலை. சீனாவில் செய்து, ஆவியில் வேகவைத்து, மூங்கில் கூடையில் அழுத்தி அந்தக் காலத்து மலாயாவுக்கு அனுப்பியது. ஈயச் சுரங்கங்களில் இடுப்பளவு தண்ணீரில் நின்ற கூலிகளுக்கான மலிவுச் சரக்கு. சுரங்கங்கள் மூடியதும் குடிக்க ஆளில்லாமல் கூடைகள் கிடங்குகளில் தங்கிவிட்டன. அப்படித் தங்கியதுதான் இன்று அதன் விலை. அசலா என்று ருசி பார்த்து, ஒரு கூடை வாங்கித் தர என்னை அனுப்பியிருந்தார். ஜார்ஜ் டவுனில் கடை வைத்திருந்த இயோ என்பவர்தான் எனக்கு ஜெலுத்தோங் அறையையும் ஏற்பாடு செய்திருந்தார்.

மறுநாள் காலை வயிறு பரிபூரண சுகம். இயோ கடைக்குக் கிளம்பினேன். நிறுத்தத்தில் ஒரு பஸ் நின்றது. நாலைந்து பெண்கள் ஏறினார்கள், நானும் ஏறினேன். யாரும் டிக்கெட் கேட்கவில்லை. எல்லோரும் ஒரே நிறச் சட்டை போட்டிருந்ததைக் கவனித்தபோது பஸ் பெரிய சாலைக்கு வந்திருந்தது. பக்கத்தில் இருந்த பெண் என் பொட்டைப் பார்த்துவிட்டுத் தமிழில் கேட்டாள்.

“புதுசாக்கா? எந்த லைன்ல போட்டிருக்காங்க?”

“டவுனுக்குப் போகணும்மா.”

அவள் பின்பக்கம் திரும்பி மலாயில் ஏதோ சொல்ல, பஸ்ஸே சிரித்தது. “இது பஸ் கிலாங்க்கா. ஃபேக்டரி பஸ். டவுன் அந்தப் பக்கம். பரவால்ல, கேட்டுல இறங்கி கெரேத்தா, கார்தான், கூப்பிட்டுக்கலாம்.” பிறகு மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து ஒரு கறிபாப் நீட்டினாள். நம் ஊர்ச் சோமாசி வடிவத்தில், உள்ளே உருளைக்கிழங்கு மசாலா. வெங்காயம் மணத்தது.

ருசி பார்க்கப் போகும் நாளில் வெங்காயம், பூண்டு, மிளகாய் எதுவும் தொடக்கூடாது. வேண்டாம் என்றேன். காரணம் சொல்வதற்குள் அவள் முகம் சற்று மாறிவிட்டது. “ஓ, வெளிய சாப்பிட மாட்டீங்களா,” என்று மடித்து வைத்துக்கொண்டாள். பாயான் லெப்பாஸ் வரும்வரை ஜன்னலைப் பார்த்தபடி வந்தாள். தொழிற்சாலை வாசலில் அத்தனை பேரும் இறங்கி அட்டையைக் காட்டி உள்ளே போனார்கள். கார் வரும்வரை வாசல் காவலாளியின் நிழற்குடையின் கீழ் நான் மட்டும் நின்றேன்.

இயோவுக்கு அறுபது வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, நிதானமான ஆங்கிலம். கடை நீளமாக உள்ளே போய்க்கொண்டே இருந்தது. பின்கட்டில் கூடைகளைக் காட்டினார். ஒரு கூடையில் அழுந்திக் கிடந்த இலைகளின் மேல் மஞ்சள் பொடி தூவியதுபோல் புள்ளி புள்ளியாக இருந்தது.

“பூஞ்சை. தங்கப் பூ என்போம். இது இருந்தால் விலை கூடும்,” என்றார்.

“எங்கள் ஊரில் இது இருந்தால் மொத்தச் சரக்கையும் கழித்துவிடுவோம்.”

அவர் சிரித்தார். “இங்கேயும் எல்லாப் பூஞ்சையும் தங்கம் இல்லை, மேடம். கறுப்பு வந்தால் குப்பை. எது வரும் என்று வருஷக்கணக்கில் காத்திருந்தால்தான் தெரியும். அந்தக் காத்திருப்புக்குத்தான் நீங்கள் விலை கொடுக்கிறீர்கள்.”

தன்னிடம் இருந்ததிலேயே பழையதை வடித்தார். அந்த ஒரு கூடையின் விலைக்கு நல்ல கார் வாங்கலாம். உறிஞ்சினேன். அதே பாக்கு. அதே மண். ஆனால் நேற்றுக் குடித்ததன் நிழல்தான் இது. தொண்டைவரை போன இனிப்பு அங்கேயே நின்றுவிட்டது. மறுபடி எடுத்துப் பார்த்தேன். இலையைக் கையில் கொட்டிப் பார்த்தேன். தடித்த காம்புகள், ஒரே வெட்டு. நேற்றுக் குடித்ததும் இதுவும் ஒரே தோட்டத்து இலை என்று என் நாக்கு சொன்னது. அது எப்படி என்றுதான் புரியவில்லை.

“இந்தச் சரக்கு வேறு யாரிடமாவது உண்டா?”

“வாய்ப்பே இல்லை. அப்பா மொத்தமாக வாங்கியது.” சற்று யோசித்தார். “ஒரு மழையில் மாக் மண்டினில் இருந்த எங்கள் கிடங்கின் கூரை ஒழுகி, ஓரத்தில் இருந்த கூடைகள் நனைந்துவிட்டன. குப்பையில் போடச் சொன்னார் அப்பா. மூட்டை தூக்கியவர்கள் கேட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். உங்கள் பக்கத்து வீட்டு அம்மாவின் கணவர் ஆ ஹாக் கூட இரண்டு எடுத்துப் போனதாக ஞாபகம். எல்லாம் அப்போதே கெட்டுப் போயிருக்கும்.”

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அன்று மாலை பிளாஸ்க்கைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் சரோஜாவோடு ஆ லான் வீட்டுக்குள் போனேன். ஆ லானுக்கு எழுபதுக்கு மேல். குட்டைக் கூந்தல், அரைக்கால் சட்டை, முன்பற்கள் இரண்டு இல்லை. சரோஜா அந்தக் கட்டடத்திலேயே பிறந்து வளர்ந்தவள் என்பதால் ஹொக்கியன் என்ற சீன மொழி அவள் வாயில் தமிழைப்போலவே வந்தது. ஆ லான் என்னிடம் வயிற்றைத் தொட்டுக் காட்டிச் சரியாயிற்றா என்று கேட்டார். தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் ஒரு மூங்கில் கூடை. அதன்மேல் பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் ரிமோட், மூக்குக்கண்ணாடி, பாதி தின்ற பிஸ்கட் பொட்டலம்.

சரோஜா கேட்டுச் சொன்னாள். கணவர் கொண்டுவந்த தேயிலையை வராந்தாவில் பாய் விரித்து நாள்கணக்கில் காயவைத்தாராம். ஒரு கூடை குடித்துத் தீர்ந்துவிட்டது. இது இரண்டாவது. பாதிக்கு மேல் இருக்கிறது. கட்டடத்தில் யாருக்கு வயிறு சரியில்லை என்றாலும் இங்கேதான் வருவார்கள். “நானே சின்னதுல எத்தனை பிளாஸ்க் குடிச்சிருப்பேன்க்கா. நாசமாப் போன வயித்துக்கு நல்லதுன்னு எங்கம்மா ஊத்தி ஊத்திக் கொடுக்கும்.”

நனைந்து, காய்ந்து, கடல் காற்று வரும் வீட்டில் யாரும் தொந்தரவு செய்யாமல் கிடந்திருக்கிறது. இயோவின் கிடங்கில் பத்திரமாக இருந்த கூடைகளுக்குக் கிடைக்காத ஏதோ ஒன்று அதற்குக் கிடைத்துவிட்டது. இன்னொரு முறை யாராவது வேண்டுமென்றே நனைத்தால் கறுப்புப் பூஞ்சைதான் மிஞ்சும்.

அறைக்கு வந்து சென்னைக்காரரைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். அவர் குரல் தணிந்தது.

“அந்தம்மாவுக்கு விஷயம் தெரியுமா?”

“தெரியாது.”

“அப்ப ஏதோ கொஞ்சம் கொடுத்து முடிச்சிருங்க. அவங்களுக்கும் சந்தோஷம்தானே. நாம ஒண்ணும் திருடலையே.”

“இயோ சொல்ற விலைய விட இது அதிகம் பெறும் சார். அந்த விலையைக் கொடுத்தா நானே பேசி வாங்கித் தரேன்.”

“உங்கள அனுப்பினது நான். அந்தம்மாவுக்காகப் பேசறதுக்கு இல்ல.” “யோசிச்சுச் சொல்லுங்க,” என்று வைத்துவிட்டார்.

யோசிக்க ஒன்றும் இல்லை என்று இப்போது எழுத எளிது. அவர் தரும் வேலைகள் எனக்குத் தேவையாக இருந்தன. ருசி பார்ப்பவர்களுக்கு வயதாக ஆக நாக்கின்மேல் எல்லோருக்கும் சந்தேகம் வரும். புதிதாக ஒருவர் நம்பி அனுப்பியிருக்கிறார். இன்னொரு பக்கம், ஆ லான் என் வயிற்றைப் பற்றிக் கேட்ட விதம் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. அக்கா போன பிறகு என் உடம்பைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

மறுநாள் காலை சரோஜா ஷிப்ட் முடிந்து வந்ததும், தூங்கப் போகும் முன் கொஞ்சம் வா என்று அழைத்துக்கொண்டு போனேன். ஆ லானிடம் எல்லாவற்றையும் சொல்லச் சொன்னேன். சரோஜாவுக்கே நம்பிக்கை வரவில்லை. “இந்தத் தண்ணியா?” என்று என்னை இரண்டு தரம் கேட்டுவிட்டுத்தான் மொழிபெயர்த்தாள்.

ஆ லான் சிரித்தார். “‘வயித்து மருந்துக்கு எந்தப் பைத்தியம் இவ்ளோ வெள்ளி கொடுக்கும்’னு கேக்கறாங்க.” அங்கே பணத்தை வெள்ளி என்பார்கள்.

நான் விலையைத் திரும்பச் சொன்னேன். ஆ லான் ரிமோட்டை எடுத்துத் தொலைக்காட்சியை அணைத்தார். கூடையைப் பார்த்தார். சுவரில் இருந்த கணவர் படத்தைப் பார்த்து நீளமாக என்னவோ சொன்னார். என்ன என்று கேட்டேன். “திட்டறாங்கக்கா,” என்றாள் சரோஜா. “‘இதச் சொல்லாம செத்துப் போனியே’ன்னு.”

இத்தனை வருடம் தினமும் குடித்த தேயிலை ஆயிற்றே, கணவர் காயவைத்தது ஆயிற்றே, கொஞ்சமாவது வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். உண்மையில், இந்த ஊரில் அந்த ருசி தெரிந்த இன்னொருவர் இவர்தான் என்று நானாக ஒரு சொந்தம் கற்பித்துக்கொண்டிருந்தேன். சரோஜா என் பேச்சைச் சொன்னதும் ஆ லான் கையை வீசினார்.

“‘எனக்கு இந்தத் தண்ணியே பிடிக்காது, சும்மா கிடைச்சுதுன்னு குடிச்சேன், மொத்தத்தையும் எடுத்துட்டுப் போகச் சொல்லு’ங்கறாங்க. மகன் மெல்பர்ன்ல இருக்கான். அப்பா சாவுக்கு வந்ததோட சரி. பேரனை இவங்க நேர்ல பார்த்ததே இல்ல. டிக்கெட் எடுக்கணுமாம். பல்லும் கட்டணுமாம்.”

சரோஜா சிரித்தாள், ஆ லானும் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனாலும் மனதில் ஏதோ ஒன்று கழன்று விழுந்ததுபோல் இருந்தது.

சென்னைக்கு ஒரு செய்தி அனுப்பினேன்: அந்தம்மாவிடம் விலையைச் சொல்லிவிட்டேன், அந்த விலைக்கு வேண்டுமா? பதில் வரவில்லை. பிற்பகல்வரை பார்த்துவிட்டு இயோவைக் கூப்பிட்டேன்.

அன்று லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூச்சிரைக்க ஏறி வந்தார் இயோ. ஆ லான் தன் பிளாஸ்க்கிலிருந்து பிளாஸ்டிக் குவளையில் ஊற்றி நீட்டினார். அவர் நின்றபடியே ஒரு மிடறு குடித்தார். பிறகு உட்கார்ந்தார். குவளையை அடிவரை குடித்து முடித்தார். அவருடைய அப்பா கொடுத்த தேயிலை, கடைக்குச் சொந்தம் என்று சொல்லிவிடுவாரோ என்று எனக்கு உள்ளூரப் பயம்.

“அப்பா குப்பை என்றார். குப்பையை எடுத்தவருக்கே அது சொந்தம்,” என்றார் என்னிடம் ஆங்கிலத்தில். பிறகு மெல்ல, “என் கடையில் இருக்கும் கூடைக்கு விலை சொல்லும்போது இனிமேல் எனக்கு வாய் கூசும், மேடம். நீங்கள் இதை எனக்குக் காட்டாமலே இருந்திருக்கலாம்.”

பேரத்தில் ஆ லான் இறங்கி வரவே இல்லை. விரல்களை மடக்கி விரித்து, இடையில் எழுந்துபோய்ச் சமையலறையில் பாத்திரம் கழுவி, திரும்பி வந்து, தான் சொன்னதிலேயே நின்றார். கடைசியில் இயோ தலையாட்டினார். சாயங்காலம் இரண்டு ஆட்கள் வந்து கூடையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்கள். கூடை இருந்த இடத்தில் தரை வட்டமாக வெளுத்திருந்தது. ஆ லான் அங்கே ஒரு மேசை விசிறியைக் கொண்டுவந்து வைத்தார்.

இனி ருசி பார்க்க ஒன்றும் இல்லை என்பதால் எதை வேண்டுமானாலும் சாப்பிடலாம். டவுனுக்குப் போய் ஒரு நாசி கண்டார் கடையில் நுழைந்தேன். நம் ஊரிலிருந்து முன்னொரு காலத்தில் வந்த தமிழ் முஸ்லிம்களின் கடை. பரிமாறியவர் தமிழிலேயே கேட்டார். “எத்தனை பேருக்கா?”

“ஒருத்திதான்.”

சோற்றின்மேல் மீன் குழம்பு, கோழிக் குழம்பு, பருப்பு எல்லாவற்றையும் ஒன்றாக ஊற்றி மூழ்கடித்தார். நான்கு பேர் மேசையின் ஒரு மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். மிளகாய் கண்ணில் நீர் வரவழைத்தது. எதிரே ஒரு குடும்பம், ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்குக் கணவாயை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தது. ருசியாகத்தான் இருந்தது. பாதிக்கு மேல் இறங்கவில்லை.

ஊர் திரும்பும் நாள் காலை. சரோஜா தூங்கிக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்தால் ஆ லான் கைப்பையுடன் நின்றார். என் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே கூட்டிக்கொண்டு போனார். பாசார் பக்கத்தில் ஒரு காப்பிக்கடை. மீன் வாடை, கோழிக் கூண்டுகள், மோட்டார் சைக்கிள்கள். அவர் இரண்டு விரல் காட்டியதும் கெட்டிப் பாலில் கலந்த தேநீர் வந்தது. அதில் இன்னும் சர்க்கரை போட்டுக் கலக்கி, கண்ணை மூடிக் குடித்தார். எந்தத் தோட்டத்துத் தூள் என்று யாரும் கேட்கமாட்டார்கள். என் அக்காவும் இப்படித்தான் குடிப்பாள். பக்கத்து வீட்டுக்கு மணக்கும்.

எங்களுக்கு நடுவில் மொழி இல்லை. அன்று மொழிபெயர்க்க ஆளும் இல்லை. ஆ லான் பேசத் தொடங்கினார். மகனைப் பற்றியோ, கணவரைப் பற்றியோ, பல் வைத்தியரைப் பற்றியோ தெரியாது. நடுவில் ஒரு இடத்தில் நிறுத்திக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் முடித்ததும் நான் தமிழில் பேசினேன். அக்கா கடைசி வாரங்களில் எதைச் சாப்பிட்டாலும் ருசி தெரியவில்லை என்றாள். நான் விதவிதமாகத் தேநீர் வடித்துக் கொடுத்தேன். எனக்காகக் குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று பொய் சொன்னாள். இதை யாரிடமும் நான் சொன்னதில்லை. ஆ லான் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நிறுத்தியதும் இன்னொரு கோப்பை வரவழைத்து என் பக்கம் நகர்த்தினார்.

எழுந்து நடந்தபோது என் கையைத் தட்டி என்னவோ சொன்னார். எனக்கு ‘மீனாச்சி’ என்று கேட்டது. என் பெயர் மீனாட்சி இல்லை. பெயரைத் தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறார் போலும், திருத்துவானேன் என்று தலையாட்டினேன். படியேறும்போதும் சொன்னார். தன் வீட்டுக் கதவைச் சாத்தும் முன் இன்னொரு தரம் சொன்னார்.

விமான நிலையத்துக்குச் சரோஜா தன் காரிலேயே கொண்டுவந்து விட்டாள். சென்னைக்காரரிடமிருந்து அதுவரை பதில் இல்லை. பிறகும் வரவில்லை. வழியில் சரோஜாவிடம், “ஆ லானுக்கு என் பேரு மீனாட்சின்னு யார் சொன்னது?” என்று கேட்டேன்.

“மீனாட்சியா? என்ன சொன்னாங்க, சரியாச் சொல்லுங்க.”

காதில் விழுந்ததை அப்படியே சொல்லிப் பார்த்தேன். “மினாச்சாய் கோ லாய்.”

சரோஜா சிரித்துவிட்டாள். விளக்கு பச்சையானதும் வண்டியை எடுத்தபடி சொன்னாள்.

“பேரு இல்லக்கா. ‘நாளைக்கும் வா’ன்னு சொல்லியிருக்காங்க.”